கடைசிப் பக்கம்

காலையில் பத்திரிகை வந்து விழுந்ததும் நம் கண் முதலில் எங்கே ஓடுகிறது என்பது நமக்குத்தான் தெரியும். தலையங்கத்தைப் படித்தேன் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்கிறோம். உள்பக்கத்தில் நாலே வரியில் போட்டிருக்கும் கொலைச் செய்தியை இரண்டு தடவை படித்ததை யாரிடமும் சொல்வதில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. கொஞ்சம் வெட்கப்படத்தான் வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அப்படி நினைக்க வைத்தது ஒரு புத்தகமும், அதை வைத்து எடுத்த ஒரு சினிமாவும்.

புத்தகம், அமெரிக்க நாவலாசிரியர் ட்ரூமன் கபோட்டி எழுதிய ‘இன் கோல்ட் பிளட்’. ‘நெஞ்சு பதறாமல்’ என்று தமிழில் சொல்லலாம். 1965இல் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் நாலு பகுதிகளாக வந்து, 1966 ஜனவரியில் புத்தகமாயிற்று. விற்பனை அமோகம். 1967 டிசம்பரில் ரிச்சர்டு புரூக்ஸ் என்ற டைரக்டர் அதைப் படமாக்கி வெளியிட்டார். நான் முதலில் புத்தகத்தைப் படித்தேன். பல வருஷம் கழித்துப் படத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்து புத்தகத்தை மறுபடி எடுத்தேன். முதல் தடவை படித்து முடித்தபோது, இப்படி ஒன்றை நம்மால் எழுத முடியவில்லையே என்று பொறாமையாக இருந்தது. இரண்டாம் தடவை கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அந்தப் பொறாமை போய்விட்டது. ஏன் போயிற்று என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

நடந்த விஷயம் இது. கான்ஸாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், கோதுமை விளையும் சமவெளியில், ஹால்கம் என்று ஒரு சிற்றூர். அங்கே ஹெர்பர்ட் கிளட்டர் என்று ஒரு பெரிய விவசாயி. குடிப் பழக்கம் இல்லாதவர்; ஊரில் மதிப்பு உள்ளவர்; ரொக்கமாகப் பணம் வைத்துக்கொள்ளாமல் எதற்கும் செக் எழுதிக் கொடுப்பவர். 1959 நவம்பர் 15ஆம் தேதி, நடுநிசிக்குப் பிறகு, அவரும் அவர் மனைவி போனியும், 16 வயது மகள் நான்ஸியும், 15 வயது மகன் கென்யனும் கை கால் கட்டப்பட்டு, துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தார்கள்.

செய்தவர்கள் இரண்டு பேர்: டிக் ஹிக்காக், பெர்ரி ஸ்மித். இருவரும் ஜெயிலிலிருந்து பரோலில் வந்தவர்கள். கிளட்டரிடம் ஒரு காலத்தில் வேலை பார்த்த கைதி ஒருவன், அந்த வீட்டில் இரும்புப் பெட்டி இருக்கிறது, அதில் பத்தாயிரம் டாலர் இருக்கும் என்று ஜெயிலில் ஹிக்காக்கிடம் அளந்துவிட்டிருந்தான். அதை நம்பி ஏறக்குறைய 400 மைல் காரில் வந்தார்கள். இரும்புப் பெட்டி இல்லை. கிடைத்தது நாற்பது ஐம்பது டாலரும், ஒரு ரேடியோவும், ஒரு பைனாகுலரும். பெட்டிக் கதையைச் சொன்ன கைதியே கடைசியில் துப்பும் கொடுத்தான். டிசம்பர் 30ஆம் தேதி லாஸ் வேகஸில் பிடிபட்டார்கள். 1960 மார்ச்சில் கார்டன் சிட்டி கோர்ட்டில் விசாரணை. ஜூரர்கள் முக்கால் மணி நேரத்துக்குள் முடிவு செய்துவிட்டார்கள். பிறகு அப்பீல், மறு அப்பீல் என்று ஐந்து வருஷம் ஓடிற்று. 1965 ஏப்ரல் 14ஆம் தேதி லான்ஸிங் ஜெயிலில் இருவரையும் தூக்கில் போட்டார்கள்.

கபோட்டி இதைப் பற்றி நியூயார்க் பத்திரிகை ஒன்றில் ஒரு சின்னச் செய்தியாகத்தான் படித்தார். நாம் படிப்பது போலவேதான். ஆனால் நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம். அவர் கான்ஸாஸுக்கு ரயிலேறினார். கூடவே பால்ய சிநேகிதி ஹார்ப்பர் லீயும் போனார். ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்ற நாவலை எழுதி முடித்திருந்த ஹார்ப்பர் லீதான். அது அடுத்த வருஷம் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. நியூயார்க் நாகரிகமும், கீச்சுக் குரலும், விசித்திரமான உடையுமாக வந்து நின்ற கபோட்டியைப் பார்த்து ஊரார் மிரண்டார்கள். ஹார்ப்பர் லீயைப் பார்த்துத்தான் கதவைத் திறந்தார்கள். கபோட்டி பேட்டியின்போது குறிப்பெடுப்பதில்லை. டேப் ரிக்கார்டரும் கிடையாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ராத்திரி அறைக்குத் திரும்பி ஞாபகத்திலிருந்து எழுதிவைப்பார். இப்படி ஏறக்குறைய ஆறு வருஷம் உழைத்து எழுதிய புத்தகத்துக்கு, உண்மை வரலாறு என்று உபதலைப்புப் போட்டார். கற்பனையில்லாத நாவல் என்று அதற்கு ஒரு புது ஜாதிப் பெயரும் வைத்தார். சொன்னதெல்லாம் சத்தியம் என்று பேட்டிகளில் அடித்துச் சொன்னார்.

புத்தகத்தின் கட்டுமானம் அசாத்தியமானது. தச்சன் இன்னொரு தச்சன் செய்த கதவைத் தடவிப் பார்ப்பது போல நான் அதைத் தடவிப் பார்த்திருக்கிறேன். கிளட்டர் குடும்பத்தின் கடைசி நாளையும், கொலைகாரர்களின் கார்ப் பயணத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போகிறார். பெண் ஓர் அண்டை வீட்டுச் சிறுமிக்குப் பழப் பணியாரம் செய்யச் சொல்லித் தருகிறாள். அதே நேரத்தில் அவர்கள் கடையில் கயிறு வாங்குகிறார்கள். கார் வந்து வீட்டருகே நிற்கிறது. அந்த இடத்தில் சட்டென்று நிறுத்திவிடுகிறார். அடுத்தது மறுநாள் காலை. வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை, பிடிபட்ட பெர்ரி ஸ்மித் போலீஸ் காரில் வாயைத் திறக்கும்வரை நமக்குச் சொல்வதில்லை.

அதற்குள் அந்தப் பெர்ரியை நமக்கு நன்றாகப் பழக்கப்படுத்திவிடுகிறார். செரோக்கி இனத் தாய், குடித்தே சீரழிந்தவள். அநாதை விடுதிகளில் பட்ட அடி. மோட்டார் சைக்கிள் விபத்தில் ஊனமான கால்கள். ஒரு கிதார். கடலில் மூழ்கிய புதையலைத் தேடும் வரைபடங்கள். சதா மெல்லும் ஆஸ்பிரின் மாத்திரை. அந்த மனிதன்தான், தரை சில்லென்று இருக்குமே என்று கிளட்டருக்குக் கீழே ஓர் அட்டைப் பெட்டியை விரித்துக் கொடுத்தான், பையனின் தலைக்குத் தலையணை வைத்தான், பிறகு சுட்டான். இந்தத் தலையணையை எந்த நாவலாசிரியனாலும் கற்பனை செய்ய முடியாது. கற்பனை செய்தால் வாசகர் நம்பமாட்டார்கள். உண்மையில் நடந்தது என்பதால்தான் அதை நம்புகிறோம். கபோட்டி கையில் வைத்திருந்த மூலதனமே இந்த நம்பிக்கைதான்.

இப்போது படத்துக்கு வருகிறேன்.

சினிமாக்காரர்களிடம் ஒரு நல்ல புத்தகம் போனால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. இந்தப் படத்துக்கும் கலரும் பெரிய நட்சத்திரங்களும் வேண்டும் என்றுதான் கம்பெனி ஆசைப்பட்டது. புரூக்ஸ் பிடிவாதமாக மறுத்துக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அதிகம் பேர் அறியாத ராபர்ட் பிளேக்கையும் ஸ்காட் வில்சனையும், கொலைகாரர்களின் முகச்சாயல் இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அதோடு நிற்கவில்லை. கொலை நடந்த அதே வீட்டுக்குள் காமிராவைக் கொண்டுபோனார். அதே கோர்ட்டு அறையில் விசாரணையை எடுத்தார். ஜூரர் வரிசையில், அந்த வழக்கில் நிஜமாகவே உட்கார்ந்திருந்த சிலரையே கொண்டுவந்து உட்கார வைத்தார்.

இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு உடம்பு கூசிற்று. நாலு பேர் துடித்துச் செத்த அறையில் விளக்கைப் போட்டு நடிகர்களைக் கட்டிப்போடுவது என்ன நியாயம்? அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. செங்கல்லும் சுவரும் நிஜமாக இருந்துவிட்டால் படம் நிஜமாகிவிடும் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். படத்தில் வேறு குறைகளும் உண்டு. பெர்ரியின் மனசுக்குள் அடிக்கடி தகப்பன் முகம் வந்து வந்து போவது, மனோதத்துவப் பாடப் புத்தகத்தைப் பிரித்து வைத்தது போல் இருக்கிறது. மரண தண்டனை கூடாது என்பதை எடுத்துச் சொல்ல ஒரு பத்திரிகை நிருபரைப் படத்துக்காகவே சிருஷ்டித்து உலவ விட்டிருக்கிறார்கள். அவர் சொல்லும் கருத்தில் எனக்குச் சம்மதமே. ஆனாலும் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் படம் கொஞ்சம் உட்கார்ந்துவிடுகிறது.

இருந்தும் அந்த நிருபரைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றிற்று. புத்தகத்தில் அப்படி ஓர் ஆள் கிடையாது. அங்கே இருந்தவர், கேட்டவர், ஜெயிலுக்கு மீண்டும் மீண்டும் போனவர், கைதிகளோடு ஏராளமான கடிதங்கள் எழுதிக்கொண்டவர், கடைசி ராத்திரி அவர்கள் வரச் சொல்லிப் போனவர், எல்லாம் கபோட்டிதான். அவர் தம்மைப் புத்தகத்திலிருந்து சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டார். ‘நான்’ என்ற சொல்லே வராமல் எழுதினார். எழுத்தாளன் தன்னை மறைத்துக்கொள்வது அடக்கம் என்று நாம் பாராட்டுவது வழக்கம். சில சமயம் அது அடக்கமல்ல, தலைமறைவு.

படத்தில் ஒரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. தூக்குக்கு முன் பெர்ரி ஜன்னலோரம் நின்று தன் தகப்பனைப் பற்றிப் பேசுகிறான். வெளியே மழை. ஜன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீரின் நிழல் அவன் கன்னத்தில் விழுந்து, கண்ணீர் வழிவது போல் ஓடுகிறது. அவன் அழவில்லை. குரல்கூட உடையவில்லை. காமிராக்காரர் கான்ராட் ஹால் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒத்திகையின்போது தற்செயலாக விழுந்த நிழலைக் கவனித்து, அதை அப்படியே படம் பிடித்தார். தற்செயலாகக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார், கிடைக்காததைச் சேர்க்கவில்லை. கலையில் யோக்கியம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

படம் தூக்கோடு முடிகிறது. பெர்ரி விழுகிறான். இதயத் துடிப்பின் சத்தம் மட்டும் கேட்கிறது. அது மெல்ல மெல்லக் குறைந்து நிற்கிறது. அவ்வளவுதான். எழுந்து வெளியே வரும்போது யாரோடும் பேசத் தோன்றவில்லை.

ஆனால் புத்தகம் அங்கே முடிவதில்லை. தூக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆல்வின் டூயி என்ற துப்பறியும் அதிகாரிக்கு, தாம் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. அவருக்கு வேறொரு நாள் ஞாபகம் வருகிறது. கிளட்டர் குடும்பத்தின் கல்லறைக்குப் போயிருந்தபோது, இறந்துபோன நான்ஸியின் தோழியை அங்கே சந்தித்தாராம். அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், வளர்ந்திருக்கிறாள், அழகாக இருக்கிறாள். உயிரோடிருந்தால் நான்ஸியும் இப்படித்தானே இருப்பாள்! இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவள் போகிறாள். கோதுமை வயல்மேல் காற்று வீசுகிறது. முற்றும்.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிற்று. மறைக்க வேண்டியதில்லை.

அப்படி ஒரு சந்திப்பு நடக்கவே இல்லை.

கபோட்டியின் வரலாற்றை எழுதிய ஜெரால்டு கிளார்க் 1988இல் இதை வெளிப்படுத்தினார். கபோட்டி 1951இல் எழுதிய ‘தி கிராஸ் ஹார்ப்’ என்ற கற்பனை நாவலின் முடிவோடு இது ஒத்துப்போவதையும் எடுத்துக்காட்டினார். வேறு கோணல்களும் உண்டு. எஸ்கொயர் பத்திரிகையில் ஃபிலிப் டாம்ப்கின்ஸ் என்பவர் 1966இலேயே புத்தகத்துக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசங்களைப் பட்டியல் போட்டார். துப்புக் கிடைத்த அன்றே போலீஸார் ஹிக்காக்கின் பெற்றோர் வீட்டுக்குப் போனதாகப் புத்தகம் சொல்கிறது. சில நாள் கழித்துத்தான் போனார்கள் என்பது 2013இல் வெளிவந்த பழைய தஸ்தாவேஜுகளில் தெரிந்தது. அவையெல்லாம் சின்ன விஷயம். ஒரு சம்பவத்தை இரண்டு நாள் முன்னே பின்னே தள்ளியதற்காக நான் சண்டைக்குப் போகமாட்டேன். கடைசிப் பக்கம் அப்படியல்ல. நாம் மனசில் எடுத்துக்கொண்டு போவது அதைத்தான்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், எங்கோ இருந்த ஒருவரைக் குறை சொல்லி நான் நல்லபிள்ளையாகிவிடுவேன்.

எழுத ஆரம்பித்த புதிதில், எங்கள் தெருவில் நடந்ததை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன். புருஷன் வீட்டில் அடிபட்டு, நோயில் விழுந்து, தாய் வீட்டுக்கு வந்து இறந்துபோன ஒரு பெண்ணின் கதை. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். மற்றதெல்லாம் உள்ளபடியேதான். கடைசி நாளில் புருஷன் பார்க்க வருகிறான். அவள் அவனைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுக் கண்ணை மூடுகிறாள். இந்தச் சிரிப்பைப் பாராட்டி நிறையக் கடிதங்கள் வந்தன.

ஒரு நாள் அந்தப் பெண்ணின் தாயார் வந்தார். படிக்கத் தெரியாதவர். பேத்தி வாசித்துக் காட்டினாளாம். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கே தம்பி. எல்லாம் நடந்தபடியே இருக்கு. ஆனா கடைசியிலே அவனைப் பார்த்துச் சிரிச்சாங்கிறியே. அவ சிரிக்கலை. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அந்த வீட்டுக்குப் போனதிலேருந்து அவ தன் இஷ்டத்துக்குச் செஞ்சது அது ஒண்ணுதான். அதையும் மாத்திட்டியே.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கதை என்றால் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கதை என்று சொல்லித்தான் எழுதினேன். சத்தியம் என்று தலைப்பில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படியிருந்தும் பதில் இல்லை.

அந்தச் சிரிப்பை நான் யாருக்காக எழுதினேன்? அவளுக்காக அல்ல. கதையைப் படித்து முடிப்பவர் நிம்மதியாகப் பத்திரிகையை மூடிவைக்க வேண்டுமே என்பதற்காக. கபோட்டியின் கல்லறைக் காட்சியும் அதற்காகத்தான். உயிர் ஓய்வதில்லை, வயலில் பயிர் மறுபடி வளரும், இளம்பெண்கள் கல்லூரிக்குப் போவார்கள் என்று சொல்லி நம்மை வாசல்வரை கொண்டுவந்து விடுகிறார். செத்துப்போன நாலு பேருக்கு அதில் ஒன்றும் இல்லை. போனி கிளட்டரைப் பற்றி அவர் தீட்டிய சித்திரம் சரியல்ல என்று குடும்பத்தார் வருந்தினார்கள். அவர்களுக்கும் அதில் ஒன்றும் இல்லை. ஆறுதல் நமக்கு மட்டுந்தான்.

கபோட்டிக்கும் அது தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். புத்தகத்தின் பெரும்பகுதியை அவர் எழுதி முடித்துவிட்டார். முடிவு மட்டும் வரவில்லை. அவர்கள் பிழைத்துக்கொண்டால் ஒரு முடிவு, தூக்கில் தொங்கினால் ஒரு முடிவு. தேதி தள்ளித் தள்ளிப் போயிற்று. அந்த வருஷங்களில் நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 2004இல் புத்தகமாக வந்தன. வழக்கு முடியவில்லையே, புத்தகத்தை முடிக்க முடியவில்லையே என்று அவற்றில் தவிக்கிறார். யாரிடம் மாதக்கணக்கில் பேசிப் பேசி உள்ளத்தைத் திறக்க வைத்தாரோ, அந்த மனிதனின் கழுத்தில் கயிறு விழுவதற்குக் காத்திருந்தார். அவர்களைக் காப்பாற்ற முயன்றிருக்கலாமே என்று லண்டன் விமரிசகர் கென்னத் டைனன் 1966இல் பகிரங்கமாகவே கேட்டார். கபோட்டி ஆத்திரத்தோடு பதில் எழுதினார். சட்டப்படி அவரால் ஏதாவது செய்திருக்க முடியுமா என்பது எனக்குப் பெரிதல்ல. காத்திருந்தார் என்பதுதான் பெரிது. அந்தக் காத்திருத்தலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தால் அதுவே கடைசிப் பக்கமாகியிருக்கும். வேறு யாராலும் எழுத முடியாத உண்மையாகவும் இருந்திருக்கும். அதற்கு ‘நான்’ என்று எழுத வேண்டும். அவர் கல்லறைக்குப் போய்விட்டார்.

‘நெஞ்சு பதறாமல்’ என்ற தலைப்பு கொலைகாரர்களுக்கும் பொருந்தும், தூக்கில் போட்ட சர்க்காருக்கும் பொருந்தும் என்று சொல்வார்கள். எழுத்தாளருக்கு அது பொருந்தாது. அவர் நெஞ்சு நன்றாகவே பதறியிருக்கிறது. அதன் பிறகு 1984இல் சாகும்வரை அவர் ஒரு நாவலையும் முழுதாக எழுதி முடிக்கவில்லை. பதறியதை மறைத்ததுதான் பிசகு.

ஆகவே இந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. கட்டாயம் படியுங்கள். தலையணை வைத்த கையே துப்பாக்கியை எடுத்தது என்பதை இவ்வளவு நிதானமாகச் சொன்ன புத்தகம் வேறு எனக்குத் தெரியாது. படித்த பிறகு படத்தையும் பாருங்கள். மிகைப்படுத்துவது சினிமா, உள்ளதைச் சொல்வது புத்தகம் என்று நாம் பழகிவைத்திருக்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் சினிமாக்காரர் முடிந்த இடத்தில் முடித்தார். சத்தியம் செய்த புத்தகக்காரர் ஒரு பக்கம் கூட்டிப் போட்டார்.

என் கதையைப் பிறகு தொகுதியில் சேர்த்தபோது முடிவை மாற்றினேன். அந்தப் பெண் இப்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். அதைச் சொல்லலாம் என்று போனபோது அந்தத் தாயார் உயிரோடு இல்லை. பழைய முடிவுதான் நன்றாக இருந்தது என்று இரண்டு மூன்று வாசகர்கள் எழுதினார்கள். நன்றாகத்தான் இருந்தது. அதில் சந்தேகமில்லை.